வியாழனைத் தாண்டாத மனிதர்

விளக்குகள் மங்கத் தொடங்கியதும் அரியரத்தினம் சட்டைப் பையிலிருந்து ஒரு கராம்பை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்கிறார். பிறகு வலது காலின் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, வெறுங்காலைக் குளிர்ந்த தரையில் ஊன்றுகிறார். இடது கையில் மனைவி சேலைக்குக் குத்தும் ஊசி ஒன்று தயாராக இருக்கிறது. இவ்வளவு ஆயத்தத்துடன் கோளரங்கத்துக்குள் போகிற வேறு மனிதர் மொன்றியலில் இருக்க மாட்டார்.

தலைக்கு மேலே வானம் விரிகிறது. சூரியன் வருகிறது, புதன் வருகிறது, வெள்ளி வருகிறது. செவ்வாய் வரும்போது அவருடைய கை ஊசியைப் பிடித்தபடியே தளர்கிறது. வியாழன் வந்து சேரும்போது வாய் திறந்திருக்கிறது, கராம்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அடக்கமாக ஆரம்பிக்கும் குறட்டை, சனியின் வளையம் கண்ணில் படுகிற நேரத்தில் அரங்கின் அரைவாசிக்குக் கேட்கிறது. முன்வரிசைப் பிள்ளைகள் மேலே பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

காட்சி முடிந்ததும் வாசலில் நிற்கும் பெண் வந்து தோளைத் தொடுவாள். "மிஸ்யூ, செ ஃபினி," முடிந்துவிட்டது ஐயா என்று பிரெஞ்சில் சொல்வாள். அவர் உடனே கண்ணைத் திறந்து, "மெர்சி, மெர்சி" என்று காலுறையைத் தேடுவார். வெளியே வந்ததும் எனக்குச் செய்தி சொல்வார்.

"இண்டைக்கு வியாழன் மட்டும் பிடிச்சனான் தம்பி. போன கிழமை செவ்வாயோடை கண் போயிட்டுது. முன்னேற்றம்தானே?"

நெப்டியூனை அவர் கண்டதேயில்லை. அப்படி ஒன்று இருப்பதாகப் பேச்சு என்பதுபோலத்தான் அதைப் பற்றிச் சொல்வார்.

மொன்றியலின் மேற்குப் பக்கம், பியர்பொன்ட்ஸில் என் வீட்டுக்குப் பக்கத்து வீடு அவருடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வருடமே பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலைக்குச் சேர்ந்தவர், ஓய்வு பெறும்வரை அதே இரவு வேலையில்தான் இருந்தார். பகல் வேலைக்கு மாறச் சொல்லி மேலாளர்கள் கேட்டபோதெல்லாம் மறுத்துவிட்டாராம். இரவில் வாகன நெரிசல் இல்லை, முதலாளியின் முகமும் இல்லை, இரண்டும் இல்லாத வேலை லேசில் கிடைக்காது என்பது அவர் கட்சி. பாண் நன்றாக வெந்திருக்கிறதா என்று அடியில் மடக்கிய விரலால் தட்டிப் பார்க்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. கடையில் பூசணிக்காயைத் தட்டுவார், மேசையைத் தட்டுவார், புதுக் கார் வாங்கி வந்து காட்டினால் அதையும் தட்டுவார். "உள்ளுக்கை சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டால் நாங்கள் நிம்மதியாக ஓட்டலாம்.

அவருடைய படுக்கையறை ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருக்கிறது. அதன்மேல் சமையலறை அலுமினியத் தாள். நடுப்பகலிலும் அந்த அறையில் கை தெரியாது. அத்தனை வருடமும் பகலில் அவர் அதற்குள்தான் தூங்கினார். ஆகவே இரவின் இருட்டு அவரை ஒன்றும் செய்வதில்லை. விடியவிடிய முழித்திருந்து செய்தி பார்ப்பார். ஆனால் பகலில் ஓர் இடம் இருட்டாகி, அங்கே சாய ஒரு கதிரையும் இருந்தால் மனிதர் தூங்கிப் போய்விடுவார். திரையரங்கு, மேடை விளக்கு மட்டும் எரியும் மண்டபம், கண் பரிசோதிக்கும் அறை, எதுவானாலும் சரி. கண் வைத்தியர் ஒருவர் கண்ணைத் திறவுங்கள் என்று அவரிடம் கெஞ்சவேண்டி வந்ததாம்.

அப்படிப்பட்டவர் ஏன் பஸ் ஏறி, மெட்ரோ மாறி, மொன்றியல் தீவின் அந்தக் கோடியில் வியோ நிலையம் வரைக்கும் போய் இருட்டுக்குள் உட்கார வேண்டும்? எனக்கு மண்டை குடைந்தது. அக்கம்பக்கத்தார் விஷயத்தில் எனக்கு ஆவல் கொஞ்சம் அதிகம், அதை நான் மறைப்பதில்லை. ஒரு நாள் நானும் கூடவே போனேன். பிறகு அடுத்த கிழமையும் போனேன். கேட்டால், "சும்மா, ஞானத்துக்கு" என்பார். ஞானம் குறட்டை விட்டுக்கொண்டு வருமா என்று கேட்டேன். அதற்கும் சிரிப்புத்தான்.

கடைசியில் விஷயத்தைச் சொன்னவர் அவருடைய மனைவி இந்திராதேவி. பக்கத்துத் தெருவில் உள்ள கார்தெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவர்களுக்கு ஒரே மகள், சாருஜா. வானியல் படித்தாள். இப்போது அரிசோனாவில், டூசான் என்கிற பாலைவன நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் அறிவியல் நிலையத்தில் வேலை. அங்கே ஒரு கோளரங்கம் இருக்கிறது. அதில் வானத்தைக் காட்டி விளக்கம் சொல்கிற ஆள் அவள்தான்.

"இவர் அவளின்ரை ஒண்டையும் பாத்ததில்லை" என்றார் இந்திராதேவி. "அரங்கேற்றத்துக்கு லைட்டை நிப்பாட்டினாங்கள், இவர் நித்திரையாப் போட்டார். பட்டம் குடுக்கேக்கை பேர் கூப்பிட்டது, நான் எழும்பிக் கை தட்டுறன், இவர் என்ரை தோளிலை. கடைசியா அவள் தன்ரை ஆராய்ச்சியைப் பற்றிப் பேராசிரியர்மாருக்கு முன்னாலை கதைச்சாள். படம் காட்டுறதுக்கு அறையை இருட்டாக்கினாங்கள். இவரின்ரை குறட்டை கேட்டு எல்லாரும் சிரிச்சிட்டினம். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டிட்டு, பேந்து தொடங்கினவள்."

போன குளிர்காலத்தில் சாருஜா போனில் தாயைக் கூப்பிட்டிருக்கிறாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அம்மா, நீங்கள் ஒருக்கா வந்து என்ரை ஷோவைப் பாருங்கோ. அப்பா வீட்டிலை ஆறுதலா நிக்கட்டும்." அவர் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனாராம். அடுத்த கிழமையிலிருந்து கோளரங்கப் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது.

இதைப் பற்றி நான் கேட்டபோது அவர் மகளை விட்டுக்கொடுக்கவில்லை. "பிள்ளை பிழையாச் சொல்லேல்லை தம்பி. அப்பாவுக்கு நித்திரைதான் வேணும் எண்டு நினைச்சிட்டாள். வேறை என்னத்தைக் கண்டவள்? பள்ளிக்கூடத்தாலை வந்தாலும் நான் படுத்திருப்பன். அப்பா எழும்பிடுவார், சத்தம் போடாதை எண்டு சொல்லித்தான் அவளை வளர்த்தது." ஜன்னல் கட்டையை மடக்கிய விரலால் தட்டினார். "ஒருக்கா அங்கை போய் முழுசாப் பாத்திட்டா, அடுத்த முறை என்னையும் கூப்பிடுவாள்."

நான் பேச்சைப் பகிடியாக்கப் பார்த்தேன். "வியாழனையே தாண்டாத நீங்கள் அரிசோனா போய் என்ன செய்யப்போறியள் அண்ணை?" என்றேன்.

"அதுக்குத்தான் உம்மைக் கூட்டிக்கொண்டு போறன். நான் சரிஞ்சால் குத்தி எழுப்பும்" என்று சேலை ஊசியை என் கையில் தந்தார். இந்திராதேவிக்குக் கார்தெரியில் விடுப்புக் கிடைக்கவில்லை. எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறதென்று வீட்டில் ஒரு பொய் சொன்னேன். ஒருவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக நாடு விட்டு நாடு போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டூசானில் இறங்கியதும் பாணடுப்பைத் திறந்ததுபோல் வெயில் முகத்தில் அடித்தது. எனக்குத் தலை சுற்றியது. அரியரத்தினத்துக்கோ பழைய இடத்துக்குத் திரும்பி வந்த முகம். சாருஜா காரோடு வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும், மெலிந்த பெண், தகப்பனின் மூக்கு. தணிந்த குரலில் பேசினாள், இரண்டு தரம் என்ன என்று கேட்க வேண்டியிருந்தது. "அப்பா, களைப்பெண்டால் வீட்டிலை படுங்கோ. ஷோவுக்குக் கட்டாயம் வரவேணுமெண்டு இல்லை."

"வரத்தானே வந்தனான்" என்றார் அவர்.

அடுத்த நாள் அறிவியல் நிலையத்துக்கு நேரத்தோடு போய்விட்டோம். பல்கலைக்கழக வளாகத்தின் ஓரத்தில் ஒரு தாழ்ந்த கட்டடம், அதன் தலையில் குவிமாடம். வாசலில் ஆள் உயரத்துக்குக் கள்ளிகள். உள்ளே தொட்டுப் பார்க்கவென்றே வைத்த பொருட்கள் நிறைய. வானத்திலிருந்து விழுந்த இரும்புக் கல் ஒன்றின் முன்னால் அவர் நின்றுவிட்டார். பிள்ளைகள் அதைத் தடவினார்கள், இவர் மடக்கிய விரலால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். "இது ஆரின்ரையும் தலையிலை விழேல்லையோ?" என்று என்னைக் கேட்டார். எழுதியிருந்ததை வாசித்து, இல்லையாம் என்றேன். திருப்திப்பட்டு அடுத்ததுக்கு நகர்ந்தார்.

மூலையில் ஓர் இருட்டறை. ஒருவகை நீல விளக்கின் கீழே சாதாரணக் கற்கள் பச்சையும் செம்மஞ்சளுமாக ஒளிர்கின்றன என்று போட்டிருந்தது. எனக்குப் பார்க்க ஆசை. அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். "நீர் போய்ப் பாரும். நான் உதுக்குள்ளை வந்தால் இப்பவே அலுவல் முடிஞ்சிடும்." நான் பார்த்துவிட்டு வந்து ஒவ்வொரு நிறமாகச் சொன்னேன். முதுகை அறைக்குக் காட்டியபடி கவனமாகக் கேட்டார்.

கோளரங்கத்தில் சாருஜா எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நடைவழியை ஒட்டி, இடப்பக்கத்தில், ஏறக்குறைய நடு வரிசை. நன்றாகச் சாய்கிற கதிரைகள். அவருடைய கதிரையில், விமானத்தில் கழுத்துக்கு வைக்கிற மெத்தென்ற தலையணை ஒன்று இருந்தது. "வசதியாயிருக்கும் அப்பா" என்று சொல்லிவிட்டு, பின்னால் நடுவில் இருந்த தன் மேசைக்குப் போனாள். அன்பாகத்தான் வைத்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என் மடியில் போட்டார்.

விளக்குகள் மங்கின. கராம்பு கடைவாய்க்குப் போனது, சப்பாத்து கழன்றது. நான் ஊசியுடன் உஷாராக இருந்தேன். சாருஜாவின் ஆங்கிலம் ஒலிபெருக்கியில் வந்தது. அந்தப் பெண்ணா இவள் என்று எனக்கு ஆச்சரியம். குரல் மண்டபத்தை நிறைத்தது, நகைச்சுவை சொன்னாள், சனம் சிரித்தது. பாலைவனத்து வானம் இவ்வளவு நெருக்கமான நட்சத்திரங்களுடன் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அண்ணாந்து பார்க்கப் பார்க்கக் கழுத்து நொந்தது. மடியில் கிடந்த தலையணை நினைவுக்கு வந்தது.

கைதட்டல் கேட்டுத்தான் விழித்தேன்.

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஊசி எங்கோ விழுந்து கிடந்தது. பதறிப்போய்ப் பக்கத்தில் பார்த்தேன். அரியரத்தினம் கதிரையில் முறுகித் திரும்பி, முதுகுச் சாய்வை இரண்டு கையாலும் பிடித்தபடி பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாருஜா நடைவழியால் சத்தமில்லாமல் இறங்கி வந்தாள். தட்டி எழுப்பத்தான் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். கிட்ட வந்து அவர் கண்களைக் கண்டதும் கை பாதியில் நின்றது.

"முழிப்போ அப்பா?"

"ஓம். ஒரு பொட்டும் கண் மூடேல்லை."

அவள் நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். சாட்சி சொல்ல வந்தவனின் கன்னத்தில் தலையணைத் தையல் பதிந்திருந்தது. நான் சப்பாத்துக் கயிற்றைச் சரிசெய்யக் குனிந்தேன்.

"அப்ப சொல்லுங்கோ" என்றாள், சிரிக்கப் பார்த்தபடி. "கடைசியா என்ன காட்டினனான்?"

அவர் யோசித்தார். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, ஏனென்றால் எனக்கும் தெரியாது.

"வானத்தை நான் பாக்கேல்லைப் பிள்ளை" என்றார் அரியரத்தினம். "மேலை பாத்தால் எனக்குக் கண் போயிடும். உன்ரை மேசையிலை சின்ன லைட் ஒண்டு இருந்தது. அதிலை உன்ரை முகம் தெரிஞ்சுது. அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்." பிறகு, சோதனையில் தேற வேண்டுமே என்பதுபோல வேகமாகச் சொல்லத் தொடங்கினார். "தொடங்க முதல் கண்ணை மூடி மூச்சை இழுத்தாய். இடையிலை ரெண்டு தரம் தண்ணி குடிச்சாய். முன்னுக்கு ஒரு குழந்தை இருட்டுக்கு அழுதது, நீ எட்டிப் பாத்திட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி விட்டாய். கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறாய். ஒருத்தரும் உன்னைப் பாக்கேல்லை, எல்லாரும் அண்ணாந்து கொண்டிருக்கினம், எண்டாலும் நீ கையை ஆட்டுறாய்." சற்று நிறுத்தினார். "நீ இவ்வளவு சத்தமாக் கதைப்பாயெண்டு எனக்குத் தெரியாது."

சாருஜா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிறகு பழையபடி தணிந்த குரலில், "கழுத்து நோகேல்லையோ அப்பா?" என்று கேட்டாள்.

அவர் நேரே திரும்பப் பார்த்தார். கழுத்து வரவில்லை. தலை வலத் தோளின் பக்கமாகவே நின்றது. அவள் குனிந்து பிடித்துவிடப் போனாள், அதற்குள் கதவு திறந்து அடுத்த காட்சிக்கான பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரைச்சலோடு உள்ளே வந்தார்கள். யாரோ பின்னாலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

"வெளியாலை கோப்பி குடியுங்கோ அப்பா. இதை முடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அவள் மேசைக்குப் போனாள்.

நான் வெளியே போக எழுந்தேன். அரியரத்தினமும் எழுந்தார். ஒரு கையால் பிடரியைத் தாங்கிக்கொண்டு, உள்ளே வருகிற பிள்ளைகளுக்கு வழி விட்டு, நடைவழியைக் கடந்து வலப்பக்க வரிசைக்குப் போனார். அங்கே ஓரக் கதிரையில் உட்கார்ந்து, கழுத்தை மெல்ல மெல்ல மற்றத் தோளின் பக்கமாக, மகளின் மேசையை நோக்கித் திருப்பத் தொடங்கினார்.