கண்ணாடி முன்னால் என் நடை

ஜோகுபாளையத்தில் நான் சமைக்கப் போகும் வீட்டுப் பெண், குழந்தைகள் படிக்கும் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே என்னை உற்று உற்றுப் பார்ப்பாள். நான் திரும்பினால் குனிந்துகொள்வாள். ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சம்.

ஒருநாள் ரசத்தை இறக்கிவிட்டுச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, நிலைக்கண்ணாடி முன்னால், ஒரு கையை இடுப்பில் ஊன்றி இடது காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள். முழங்கால் வலி வந்ததிலிருந்து நான் நடக்கிற நடை அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"என்னை நக்கல் பண்றீங்களாம்மா?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி. எதை வரைஞ்சாலும் மொதல்ல நானே அது மாதிரி செஞ்சு பாப்பேன். நேத்தெல்லாம் தவளையா குந்திட்டு இருந்தேன்."

மேசைமேல் இருந்த படத்தைக் காட்டினாள். ஒரு கிழட்டுக் கரடி பையைத் தூக்கிக்கொண்டு காலை இழுத்து நடந்தது.

"நான் கரடியா?"

"அதைப் பாத்துதான் புலியே ஓடுது ஆன்ட்டி."

என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்றுதான் தோன்றியது. கதை இங்கிலீஷில் இருந்ததால் எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கடைசித் தாளில் புலி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

மறுநாளும் வேலைக்குப் போனேன். ஆனால் அந்தக் கதவு பாதி திறந்திருந்தால், இன்றைக்கு யார் மாதிரி நடக்கிறாள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறேன்.