ஏற்பிகள் அடங்கும் வரை

ஆராய்ச்சிக்கூடத்து விலங்கு அறையில் பத்தொன்பது வருடமாக எலிகளுக்குத் தண்ணீர் மாற்றி, கூண்டு கழுவி, எடை பார்த்து வந்தவருக்கு, உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'கரிவண்டி'. பின்படிக்கட்டில் நின்று அப்படிப் புகைவிடுவார். ஐந்து முறை சிகரெட்டை விட்டுப் பார்த்துவிட்டார். ஒரு முறைகூட நாலு நாள் தாண்டவில்லை. "உங்களுக்கு வைராக்கியம் பத்தாது" என்று மனைவி சொல்லிச் சொல்லி, அவரே அதை நம்பிவிட்டிருந்தார்.

அந்த வருடம் எலிகளின் தோலுக்கடியில் நிகோடின் கசியும் சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து எடுத்தார்கள். மறுநாள் காலை கூண்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எலிகள் பல்லை நறநறத்தன. நனைந்த நாய் மாதிரி உடம்பை உதறின. நோட்டில் குறிக்கக் குறிக்க, சிகரெட்டை விட்ட நாட்களில் யாரோ ஒளிந்திருந்து தன்னைப் பார்த்து எழுதியது போலிருந்தது அவருக்கு.

ஆய்வு நடத்திய டாக்டரம்மாவிடம் கேட்டார். அவள் வயதில் சின்னவள், பொறுமையாகச் சொன்னாள். நரம்புச் செல்களில் ஏற்பிகள் என்று ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு, மூளை தானே சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்துக்கானவை. நிகோடின் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்; டோபமின் என்ற இன்னொரு ரசாயனம் பெருகிச் சுகமாக இருக்கும். ஓயாமல் உட்கார்ந்தால் ஏற்பிகள் மரத்துப்போகும், எண்ணிக்கையும் கூடிவிடும். புகை நின்றதும் அத்தனையும் விழித்துக்கொண்டு கேட்கும்.

"அப்ப, எனக்கு வைராக்கியம் பத்தாததால இல்லையாம்மா?"

"இல்லண்ணே. எலிக்கு ஏது வைராக்கியம், பத்தாமப் போறதுக்கு?"

எத்தனை நாளில் அடங்கும் என்று கேட்டார். எலிக்கு இரண்டு மூன்று வாரம், மனிதனுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம் என்றாள்.

சந்தோஷம் எதுவும் வரவில்லை. இத்தனை வருடம் தன்னைத்தானே திட்டிக்கொண்ட அசதிதான் வந்தது. மூன்றாம் வாரம் எலிகள் அமைதியாயின. மூளையை எடுத்துப் பார்க்கும் நாளில் அவரே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தார். அதுவும் வேலைதான். அன்று மாலை படிக்கட்டுப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்கு நடந்தார்.

மூன்றாம் நாளே தட்டைத் தள்ளிவிட்டு மனைவிமேல் எரிந்து விழுந்தார். தணிந்ததும், ஏற்பி விஷயத்தைத் தனக்குப் புரிந்த மட்டும் சொன்னார். மனைவி அந்தத் தட்டை மறுபடி அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"நான் வேற வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிட்டேன்" என்றாள்.

ஐந்தாம் வாரம் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கினார். அதன்பின் மூன்று மாதம் எப்படியோ ஓடியது. சாப்பிட்டு எழுந்ததும் இன்னும் அந்த நினைப்பு வரும்; கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும். அவர் வாய் கொப்பளித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.