சகாயம்மாள் குத்திவிட்ட பேட்ஜ்

தருமபுரத்துச் சகாயம்மாள் பேரை எடுத்தால் எங்கள் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவர்கள் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அதுவும் புருஷனைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

புருஷன் சந்தனசாமி இங்கே நிரந்தர வார்டு ஊழியர். நான் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து வார்டு. எங்கள் ஊழியர் சங்கத்தின் கோரிக்கை நாள் வந்தால் சட்டையில் சங்கத்து பேட்ஜைப் பெண்டாட்டி கையால்தான் குத்தச் சொல்வார். நாள் முழுக்க அதோடுதான் வேலை. பெரிய டாக்டர்கூட ஒன்றும் சொல்லமாட்டார். நிரந்தர ஊழியர்களில் சங்கத்தில் சேராத ஆளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஒருத்தர்மேல் கைவைத்தால் மறுநாள் அத்தனை பேரும் வாசலில் நிற்போம். சகாயம்மாள் அந்த பேட்ஜைத் தாயத்து மாதிரி நினைத்ததில் ஆச்சரியமில்லை.

அவர் மாரடைப்பில் போனபிறகு அவர் வேலையைக் கேட்டு மனு கொடுத்தாள். அலைந்ததுதான் மிச்சம். கடைசியில் அதே வார்டில் ஒப்பந்தக் கம்பெனியின் துடைப்பம்தான் கைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். சங்கத்தில் ஒருத்தர்கூட இல்லை.

அவளோடு பெருக்கும் போலகத்து ராசாத்திக்கு ஊசி குத்திய நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. குப்பைப் பையைக் கட்டும்போது யாருக்கோ போட்ட ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்பிள்ளைகள். சோப்புப் போட்டுக் கழுவிக்கொள், வெளியே மூச்சு விடாதே என்றான் கம்பெனி சூப்பர்வைசர் கிளாட்வின். சகாயம்மாள்தான் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் நோய் தொற்றாமலிருக்க மாத்திரை வாங்கிக்கொடுத்தாள். கடைசிப் பரிசோதனை முடியும்வரை ராசாத்தி தன் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து கொடுக்கக்கூடப் பயந்தாள். நோய் இல்லை என்று வந்தது. கம்பெனியிடம் கேட்ட கெட்டிக் கையுறை மட்டும் வரவில்லை.

சகாயம்மாள் சங்கச் செயலாளர் நெடுமாறனிடம் போனாள். நல்ல மனுஷர்தான், ஆனால் தலைகளை எண்ணுகிறவர். ஒப்பந்தத்தில் பாதிப் பேராவது உறுப்பினராக வந்தால் கையுறைக்கும் வாரம் ஒருநாள் லீவுக்கும் பேசலாம், நாலைந்து பேரை வைத்துக்கொண்டு போனால் கம்பெனிக்காரன் சிரிப்பான் என்றார்.

அவள் புடவை மாற்றும் அறையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பேசிப் பேசித் தன்னோடு ஒன்பது பேரைச் சேர்த்தாள். மற்றவர்கள் பார்க்கலாம் என்று நழுவினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒப்பந்தம் முடியப்போகிற நேரம், மறுபடி யாரை எடுப்பது என்பது கிளாட்வின் வாயில் இருந்தது.

ஒன்பது பேரைக் கண்ணால் பார்த்தால் மிச்சப் பேருக்குத் தைரியம் வரும் என்று கணக்குப் போட்டாள். அடுத்த கோரிக்கை நாளில், காலைக் கையெழுத்துக்கு வரிசையில் நிற்குமுன், ஒவ்வொருத்தியும் புடவைமேல் போட்டிருந்த கம்பெனிக் கோட்டிலும் அவளே பேட்ஜைக் குத்திவிட்டாள். ராசாத்தி தயங்கினாள்.

“இது இருந்தா ஒன்னய யாரும் தொடமாட்டாங்கடி,” என்றாள் சகாயம்மாள்.

பாவி மனுஷி, எங்களைக் காப்பாற்றியது பேட்ஜ் என்று நம்பிவிட்டாள். சங்கத்தில் யார் யார் என்று கிளாட்வின் இனி யாரையும் கேட்கவேண்டியதில்லை. வரிசையை ஒருதரம் பார்த்தான். அன்றைக்கு எல்லாருக்கும் டீகூட வாங்கிக்கொடுத்தான்.

ஒப்பந்தம் புதுப்பித்த காலையில் எட்டுப் பேரைக் கேட்டோடு திருப்பி அனுப்பினார்கள். ஒன்பதாவது ஆள் சகாயம்மாள்.

“நீங்க உள்ள வாங்கக்கா. நீங்க நம்ம கோயில் ஆளு,” என்றான் கிளாட்வின், அத்தனை பேர் காதிலும் விழும்படி. இரண்டு பேருக்கும் ஒரே மாதா கோயில்தான். எட்டுப் பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளையும் துரத்தியிருந்தால் அவள் பேர் மிஞ்சியிருக்கும். அதை யோசித்தேதான் செய்தான் அயோக்கியன்.

நிரந்தரக்காரர்கள் நாங்கள் அரைமணி நேரம் வாசலில் கோஷம் போட்டோம். பிறகு டியூட்டிக்குப் போனோம். தானும் நின்றுவிடுகிறேன் என்று சகாயம்மாள் அழுதாள். நீங்களும் போய்விட்டால் உள்ளே சங்கம் என்று சொல்ல ஒரு ஆள் இருக்காது என்று நெடுமாறன் தடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்து போலகம் போனாள். ராசாத்தி சித்தாள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள், விரலெல்லாம் சிமெண்டு தின்ற புண். தான் காட்டிக்கொடுக்கவில்லை என்று சகாயம்மாள் மாதா மேல் சத்தியம் செய்தாள். ராசாத்தி சண்டை போடவில்லை. உள்ளே போய் பேட்ஜை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

“இத நீங்களே வச்சிக்கங்கக்கா. ஒங்களத்தான் யாரும் தொடல.”

அடுத்த கோரிக்கை நாளில் சகாயம்மாள் அந்த பேட்ஜைக் குத்திக்கொண்டு வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவளும் பின்னால் நின்றவளும் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்கள்.