ரெஜினா கேட்ட அக்கம்பக்கம்

"இனிமே இங்க வச்சிருந்து பிரயோஜனமில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, சார்" என்று மதுரை டாக்டர் சொன்னது மார்ச் மாதக் கடைசியில். "சீசன் வருது. வீட்டைக் காலி பண்ணிக் கொடுங்க, சார்" என்று வீட்டுக்காரர் போனில் சொன்னதும் அதே வாரத்தில்தான். இருவரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். என் மனைவி ரெஜினாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போவதற்கு வீடு இல்லை.

அன்பான சபையாரே, சாட்சி சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். நம் சபை மலரில் இதுவரை எழுதியதெல்லாம் வேடிக்கைக் கட்டுரைகள். ஆசிரியர் அவற்றை எப்போதும் இரங்கல் செய்திகளுக்கு எதிர்ப்பக்கத்தில் போடுவார். இந்த முறை அவருக்கு அந்தச் சிரமம் இல்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டன.

அந்த வீடு எங்களுக்கு எப்படி வாய்த்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தின மே மாதம் எனக்குக் கொடைக்கானல் கிளைக்கு மாற்றல் வந்தது. வங்கி உத்தியோகம். ரெஜினாவுக்கு மார்பில் வந்த புற்றுநோய்க்கு அப்போதுதான் சிகிச்சை முடிந்திருந்தது. மதுரை வெயிலை அவள் உடம்பு தாங்கவில்லை. "பாத்தியா, ஆண்டவர் நமக்கு ஊருக்கே ஏசி போட்டுக் கொடுத்துட்டார்" என்றேன். சிரித்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என் நகைச்சுவைக்கு நிரந்தர ரசிகை அவள் ஒருத்திதான்.

வீடு பார்க்க மலையேறினோம். நாயுடுபுரம், ஆனந்தகிரி, செண்பகனூர் என்று அலைந்தோம். போன இடமெல்லாம் நான் கேட்டது, "வியூ எப்படி?" ரெஜினா கேட்டது, "பக்கத்துல யாரு இருக்காங்க?" பள்ளியில் டீச்சராக இருந்தவள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டும். நான் அதைப் பெண்களுக்கே உரிய விசாரணை என்று எடுத்துக்கொண்டேன். புத்தகம் நிறையப் படித்தவர்களுக்கு இப்படிச் சில முட்டாள்தனங்கள் இலவசமாகக் கிடைக்கும்.

செண்பகனூரில் ஹனீபா பாயின் மளிகைக் கடைக்குப் பின்னால் வரிசையாக நான்கு சின்ன வீடுகள். ஒன்று காலி. பாய் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

"நல்லாப் பாத்துக்கங்க, சார். சன்னலைத் தொறந்தா எங்கடையோட பின்பக்கம். வெங்காய மூட்டைதான் வியூ."

ரெஜினா வழக்கம்போலக் கேட்டாள். "பக்கத்துல யாரு இருக்காங்க?"

பாய் வாயைத் திறக்குமுன் அடுத்த வீட்டு வாசலிலிருந்து ஒரு தலை நீண்டது. "நாந்தான்!" என்றது.

அது பார்வதி. காரட் தோட்டத்தில் கூலி வேலை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாக அவளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். அந்த வரிசை வீடுகளை அவள் 'லயம்' என்றுதான் சொல்வாள். தன்னுடையது கோடி வீடு என்பதால் அது 'தொங்கக் காம்பரா'. "தொங்கக் காம்பராக்காரிக்கு ஒரு பக்கந்தான் அடுத்த வீட்டுச் செவுரு, டீச்சர். அந்தப் பக்கம் நீங்க வந்தீங்கன்னா எனக்குப் பேச்சுத் தொணை" என்றாள். ரெஜினாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வெங்காய மூட்டையையும் பார்த்தேன். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மலையில் பிறந்தவர்கள் வீடு பார்த்தால், காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, துணி எங்கே காயும் என்று கேட்பார்கள். கீழே இருந்து வருகிறவர்கள்தான் மே மாதத்தில் வந்து, பள்ளத்தாக்கைப் பார்த்து வாயைப் பிளந்து, அங்கேயே குடிபோவார்கள். நான் வட்டக்கானல் போகும் வழியில் ஒரு வீட்டைப் பிடித்தேன். சன்னல் முழுக்கப் பள்ளத்தாக்கு. நாங்கள் பார்க்கப் போனபோது ஒரு சுற்றுலாக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. "ஏப்ரல், மே மட்டும் டூரிஸ்டுக்கு விட்டுருவோம், சார். அந்த ரெண்டு மாசம் நீங்க வேற எங்கயாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். இங்க எல்லாரும் அப்படித்தான்" என்றார் வீட்டுக்காரர். அடுத்த ஏப்ரல் அப்போது வெகுதூரத்தில் இருந்தது. ஜெபித்துப் பெற்ற வீடு என்று ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்பினேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மேகம் வீட்டுக்குள் வருவது படிக்க அழகாக இருக்கும். நிஜத்தில் வந்தால் முதலில் உப்பு நீர்த்துப்போகும், பிறகு போர்வை நாறும், பிறகு மனசு. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடந்த பங்களாக்கள். சொந்தக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை வந்தால் அதிகம். நான் காலையில் வங்கிக்குப் போனால் சாயங்காலம் திரும்புவேன். அதுவரை அவளும் சன்னலும்.

ஒருநாள் பனி கொஞ்சம் விலகியபோது கீழே தூரத்தில், வெள்ளகவிப் பக்கமாக, நூல் மாதிரி ஒரு புகை தெரிந்தது. வண்டி போகாத ஊர் அது. ஒற்றையடிப் பாதைதான்.

"அங்க பாருங்க, யாரோ அடுப்பு பத்த வச்சிருக்காங்க" என்றாள் ரெஜினா. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் மனிதர் இருக்கிற மிக அருகாமையான இடம் அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தை மாதம் முதுகுவலி என்றாள். நோய் எலும்புக்கு வந்துவிட்டிருந்தது. மதுரைக்கும் மலைக்குமாக அலைந்தோம். என் விடுமுறையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ந்தது. கடைசியில்தான் டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

திரும்பி வரும்போது, வத்தலக்குண்டு தாண்டி வண்டி மலையேறுகையில், ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சாகறதுக்கு எனக்குப் பயமில்லீங்க. நீங்க பேங்க்ல இருக்கும்போது, யாருமே இல்லாத நேரத்துல போயிருவேனோன்னுதான் பயமா இருக்கு. நான் அதுக்கு மட்டுந்தான் ஜெபம் பண்றேன்."

வேடிக்கையாக ஏதாவது சொல்லப் பார்த்தேன். முடியாமல், அவள் சால்வையை இழுத்துவிட்டேன்.

என் ஜெபம் வேறாக இருந்தது. ஆண்டவரே, இவளைச் சுகமாக்கும். அதுவரை அந்த வீட்டுக்காரர் மனசை இளக்கும். உபவாசம் இருந்தேன். நான் சாப்பாட்டை விட்டேன் என்றால் காரியம் எவ்வளவு பெரியது என்று ஆண்டவருக்கே தெரிந்திருக்கும். வீட்டுக்காரருக்கு மறுபடி போன் செய்தேன். "உங்க கஷ்டம் புரியுது, சார். ஆனா புக்கிங் எடுத்தாச்சே. ஜூன்ல தாராளமா வாங்க" என்றார். ஜூனில் யார் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு வங்கியின் ஸ்டேஷனரி அறைக்குள் போய் அழுதேன்.

வெளியே வந்தபோது கவுண்டருக்கு முன்னால் ஹனீபா பாய் நின்றார்.

"என்ன சார், மூஞ்சி பனி எறங்குன மாதிரி கெடக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும், கவுண்டர் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே சொன்னேன். பாய் கையிலிருந்த பாஸ்புக்கை மடித்துப் பையில் வைத்தார்.

"நீங்க வேணாம்னுட்டுப் போனீங்களே, அந்த வீட்ல இருந்தவங்க போன வாரந்தான் காலி பண்ணாங்க. சும்மாதான் கெடக்கு. வாங்க, சார். சீசனுக்கு நான் எந்திரிக்கச் சொல்ல மாட்டேன். நம்ம வீட்டுக்கு எந்த டூரிஸ்டு வரப்போறான்?"

சபையாரே, அது பதில் என்று நான் உணரவில்லை. தோல்வி என்றுதான் நினைத்தேன். வெங்காய மூட்டைக்குப் பின்னால் என் மனைவியைக் கொண்டுபோய்ச் சாகக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே சாமான் ஏற்றினேன்.

குடிபோன மறுநாள் விடிகிற நேரம், கட்டில் ஒட்டிக் கிடந்த சுவரில் 'டொக், டொக்' என்று சத்தம். சற்று விட்டு மறுபடியும். என் குறட்டைக்கு எதிர்ப்பு என்று முடிவு செய்து, போர்வையோடு வெளியே போய்ப் பார்வதியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"கொறட்டையா? அது ராத்திரி பூரா கேட்டுச்சு, அது வேற" என்றாள். "வெள்ளனே எந்திரிச்சா செவுத்தத் தட்டணும், சார். அந்தப் பக்கத்து ஆளு திருப்பித் தட்டணும். லயத்துல எங்கம்மா காலத்துலருந்து இப்பிடித்தான். பக்கத்துல உள்ள மனுசி எந்திரிச்சாளா கெடக்காளான்னு தெரிய வேணாமா? பதிலு வரலேன்னா சோலியப் போட்டுட்டு ஓடியாந்துருவோம்."

உள்ளே படுக்கையிலிருந்து ரெஜினா கையை எட்டிச் சுவரைத் தட்டினாள். இரண்டு தட்டு. "ஆங், டீச்சருக்குப் புரிஞ்சிருச்சு. படிச்ச மனுசருக்குத்தான் வெளக்கம் சொல்ல வேண்டியிருக்கு" என்றாள் பார்வதி. ரெஜினா சிரித்த சத்தம் கேட்டது. அந்த வருடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. அது என் நகைச்சுவைக்கு இல்லை என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

அவளுக்குச் சுகம் வரவில்லை. நான் கேட்டது கிடைக்கவில்லை. நாளுக்கு நாள் தேய்ந்தாள். ஆனால் ஒருநாள்கூட அவள் தனியாக இல்லை. பார்வதி தோட்டத்துக்குப் போகும்முன் வந்து தலை வாரிவிடுவாள். மதியம் பாயின் மனைவி கஞ்சியோடு வருவார். பாய் பின்வாசலில் நின்று, கடைக்கு வந்த ஆட்களின் கதையெல்லாம் சன்னல் வழியே சொல்வார். கை தளர்ந்தபோது ரெஜினா சில்வர் கரண்டியால் சுவரைத் தட்டினாள். எந்த நேரம் தட்டினாலும் அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. மே மாதத்தில் பார்வதி வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "காரட்டு எங்கயும் போயிறாது, சார்" என்றாள்.

சீசன் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம், ஹனீபா பாய் மூச்சிரைக்க வங்கிக்குள் வந்தார். "போனை எடுக்க மாட்டீங்களா, சார்? வாங்க, வெரசா!"

அவருடைய பழைய ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன். மலையேற இப்போதெல்லாம் இ-பாஸ் வேண்டும் என்கிறார்கள். பாஸ் வாங்கிய அத்தனை பேரும் அன்று அந்த ஒரே சாலையில் நின்றார்கள். பாய் கார்களுக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஓட்டினார். "ஏலே, ஒதுக்குலே வண்டிய! மனுசன் போகணும்ல!" என்று கத்திக்கொண்டே போனார். அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நான் ஜெபித்தேன். சுகத்தைக் கேட்கவில்லை. யாராவது அவள் பக்கத்தில் இருக்கட்டும், ஆண்டவரே. யாராவது. அவள் இத்தனை நாள் செய்த ஜெபத்துக்கு நான் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

பார்வதி ரெஜினாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். பாயின் மனைவி காலடியில். காலையிலிருந்தே ரெஜினா சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாளாம்; பார்வதியும் பதில் தட்டிக்கொண்டே இருந்தாளாம். பிறகு கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டு ஓடிவந்தார்களாம். நான் கையைப் பிடித்தேன். கண் திறந்தது. ஆனால் பார்வை எங்கள் மேல் நிலைக்கவில்லை. மெல்லக் கேட்டாள்.

"பக்கத்துல யாரு இருக்காங்க?"

பார்வதிதான் பதில் சொன்னாள். "நாங்கதான், தாயி. எல்லாரும் இருக்கோம். இந்தா, உங்க சாரும் வந்துட்டாரு."

"சரி" என்றாள் ரெஜினா. வீடு பிடித்துவிட்டது என்பதுபோல.

கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை முடியும்வரை பார்வதி நெற்றிக் குங்குமத்தோடு கடைசி வரிசையில் நின்றாள். பாய் அன்று கடையைத் திறக்கவில்லை. மறுநாள் விடியலில் சுவர் தட்டியது. நான் படுத்துக் கிடந்தேன். மறுபடி தட்டியது. பதில் தட்டுவதற்கு எனக்குக் கை எழவில்லை. இனி இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தட்டுகிறாள் என்று கோபம்கூட வந்தது. கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு பார்வதி தேயிலைத் தண்ணியோடு உள்ளே வந்தாள். அழுது வீங்கிய முகம்.

"கை இருக்குல்ல? தட்டுனா என்ன? நான் என்னன்னு நெனைக்கிறது?" என்று வைதாள். "பக்கத்துல யாருன்னு உங்களையும் சேத்துத்தான சார் கேட்டாக டீச்சர்?"

ஜூனில் பழைய வீட்டுக்காரர் போன் செய்தார். சீசன் முடிந்தது, வீடு தயார், பெயின்ட் அடித்திருக்கிறேன், வியூ பிரமாதம் என்றார். நன்றி சொல்லி, நல்ல அக்கம்பக்கம் கிடைத்துவிட்டது என்றேன்.

நான் கேட்ட வீட்டை ஆண்டவர் பிடுங்கினார். அதற்காக அவரோடு இன்னும் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. சில இரவுகளில் அந்த வழக்கில் நான்தான் ஜெயிப்பேன் என்று தோன்றும். ஆனால் ரெஜினா கேட்டதை அவர் மறக்கவில்லை. அவள் கேட்டபடியே, ஒரு நிமிடமும் குறையாமல் கொடுத்தார். அதற்காக இந்தக் கையெழுத்துப் பிரதி நனைய நனைய அவரைத் துதிக்கிறேன்.

இப்போது நான் அதிகம் ஜெபிக்கிறேன், குறைவாகக் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது கேட்ட பதில் வராமல் நெஞ்சு விட்டுப்போயிருந்தால், பெரிய வார்த்தையெல்லாம் தேட வேண்டாம். சும்மா தட்டிப் பாருங்கள். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது.

இதை எழுதும்போதே விடிந்துவிட்டது. பார்வதி தட்டுகிறாள். ரெஜினாவின் கரண்டி கட்டில் தலைமாட்டில்தான் கிடக்கிறது. எடுத்துப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.