சர்ட்டிபிகேட்டும் நானும்

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் முப்பது வருஷமாக நான் பார்மசிஸ்ட். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கவரில் எழுதும் எழுத்து எறும்பாகச் சிறுத்துப்போனது. பார்க்கின்சன் என்றார் டாக்டர்.

"முழுசா கொணமாகாது. பைய பைய கூடும். ஆனா மருந்தை ஒழுங்கா எடுத்து, உடம்புக்கு வேலை குடுத்தா வருஷக்கணக்கா ஓட்டலாம்."

அவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

நாலாம் வருஷம், மதியம் ஆனால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் கவுன்டருக்கு வரும் வழியில் சிரப் பாட்டில் கை நழுவி உடைந்தது. பழைய முதலாளியின் மகன்தான் இப்போது முதலாளி. கூப்பிட்டான்.

"அண்ணே, ஒங்களுக்கு இனி வய்யாது. வீட்டுல இரியுங்க. சர்ட்டிபிகேட்டு இங்கன தொங்கட்டும், மாசாமாசம் ஏதாவது தாறேன்."

பார்மசிஸ்ட் இல்லாமல் மருந்துக்கடை நடத்தக்கூடாது. ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவனுடைய சர்ட்டிபிகேட்டை மட்டும் சுவரில் மாட்டிவைக்கும் கள்ளத்தனம் எங்கள் தொழிலில் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் வீட்டுக்குப் போனா அதுவும் எனக்க கூட வரும், கேட்டியா மக்கா? ஒரு மாசம் தா. நேரா நடக்கலேன்னா நானே கழத்திட்டுப் போறேன்."

வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர உள்ளுக்குள் பயம்தான். மறுநாளே டாக்டரிடம் போனேன்.

"மத்தியான மாத்திரை எப்ப போடுவீங்க?"

"சோறு தின்ன கையோட."

"மீன் உண்டா?"

"மீனில்லாம சோறு எறங்குமா சார்?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். மீனிலுள்ள புரதம் இந்த மருந்தைச் சரியாக ஏறவிடாதாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் போடும்படி சீட்டிலேயே எழுதியிருந்தார். வருஷக்கணக்காக ஊராருக்கெல்லாம் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று கவரில் எழுதிய பழக்கம். என் சீட்டை நான் வாசிக்கவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

நேரத்தை மாற்றினேன். பத்து நாளில் கால் வழிக்கு வந்தது. கவரில் எழுதுவதற்குப் பதில் ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டேன். மாசம் முடிந்த அன்று முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"நேரா நடந்தேனா இல்லியா?"

"நடந்தீய அண்ணே" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

இப்போது ஐந்து வேளை மாத்திரை. இடது கையும் ஆடத் தொடங்கிவிட்டது. இன்னும் கூடும், தெரியும். கூடட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் ஒரு ஆசாரியின் மனைவி எனக்கு எழுதிய அதே மருந்துக்கான சீட்டோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"உளியைத் தேடுதாரு அண்ணே. கை நடுங்குதுல்லா, நான் ஒளிச்சு வச்சிட்டேன். இனி எத்தன நாளு கெடப்பாரு?"

"எதுக்கு பிள்ளே கெடக்கணும்? எனக்கு இது வந்து ஒன்பது வருஷம்."

கவுன்டரைச் சுற்றி வெளியே வந்து, மாத்திரையை அவள் கையில் வைத்தேன்.

"சீட்டை வாசிச்சுப் பாத்து நேரத்துக்குக் குடு. உளியையும் எடுத்துக் குடு."