உது

சுவிஸில், வில் நகருக்கு அருகே என் கல்லூரி மாணவர்களுக்கு அகழாய்வுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண் நிலானி, இரு கைகளிலும் மண்வாளியுடன் கத்தினாள்: "சேர், உதை மிதியாதேங்கோ!"

நான் சென்னைக்காரன். "உதையா? யாரைம்மா உதைக்கணும்?" என்று சிரித்தபடி திரும்பினேன். காலடியில் ஏதோ நொறுங்கியது. காலை முழுவதும் அவள் தூரிகையால் மண் நீக்கி வெளியே கொண்டுவந்த பானை விளிம்பு. அவளுடைய முதல் கண்டெடுப்பு.

"உது எண்டால் உங்களுக்குக் கிட்ட இருக்கிறது, சேர்" என்றாள்.

பழந்தமிழ்ச் சொல்தான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

சில்லுகளைப் பொறுக்கிப் பதிவுச் சீட்டு எழுதியவள், உடைந்த காரணத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டாள். நானும் அதை நிரப்பவில்லை. இங்கே எழுதுகிறேன்: மிதித்தது நான்.