கிரேன் தொடாத பெட்டி

வகுப்பறை பெஞ்சுகளை ஐந்தாறு பேர் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவள் வாசல் ஓரமாக நிற்கிறாள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால். கட்டைவிரல்கள் இரண்டையும் பழைய பூட்ஸ் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருக்கிறது. வாய் மட்டும் ஓயாமல் வேலை செய்கிறது.

"இடது பக்கம் தாழுது, ஏத்திப் பிடிங்க. கதவுல இடிக்கும், சாய்ங்க... இன்னும் சாய்ங்க!"

அண்டாவோடு கடந்துபோகும் சமையல்காரர் நின்று பார்க்கிறார். "ஏம்மா, நீ எப்ப மேஸ்திரி ஆன?"

"இன்னும் ஆகலண்ணா. ஆகப் பாக்குறேன்."

ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் அகாடமி அது. அங்கே அவளுக்குக் கிரேன் என்று பெயர். கனமான பொருள் எங்கே இருந்தாலும் அதற்கடியில் அவள் தோள் இருக்கும். ஓட்டத்தில் பின்தங்குகிறவளின் பை, இரண்டாவது பையாக அவள் முதுகில் ஏறிவிடும். லாரி சேற்றில் சிக்கினால், ஓட்டுநர் கதவைத் திறப்பதற்குள் இவள் முழங்கால் சேற்றில் நின்று தள்ளிக்கொண்டிருப்பாள். ஏன் என்று கேட்டால், "சும்மா நிக்க ஒரு மாதிரி இருக்கு" என்பாள்.

அந்த 'ஒரு மாதிரி' எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். அப்பா சந்தையில் மூட்டை சுமப்பவர். பள்ளி விடுமுறைகளில் அவளும் கூடப் போய்ச் சின்ன மூட்டைகளைச் சுமந்திருக்கிறாள். அந்தச் சந்தையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற ஆள் ஒருவன்தான். மேற்பார்வையாளன். கசங்காத சட்டை. வயதில் சின்னவன், ஆனால் அப்பாவை "டேய்" என்றுதான் கூப்பிடுவான். அவன் முன்னால் அப்பா நிற்காத ஒரு நாள் வர வேண்டும் என்றுதான் படித்தாள். வீட்டின் முதல் பட்டத்தை வாங்கினாள். அவ்வளவு தூரம் வந்த பிறகு, இங்கே அவனைப் போலவே நில் என்கிறார்கள்.

நிற்கவில்லை. அதனால்தான் போன பருவம் தோற்றாள்.

பருவ முடிவில் தலைமைத் தேர்வு நடக்கும். மைதானத்து ஓரத்தில் சேற்றுப் பள்ளம். கொடுப்பது இரண்டு பலகைகள், மூன்று இரும்பு டிரம்கள், ஒரு கயிறு. கற்கள் நிரப்பிய மரப்பெட்டி ஒன்றைக் குழு அந்தக் கரை சேர்க்க வேண்டும். தலைமை ஏற்பவர் வழி கண்டுபிடித்து, ஆள் பிரித்து, உத்தரவு கொடுக்க வேண்டும். எதையும் தொடக் கூடாது. போன முறை பெட்டி பாதியில் ஆடியதும் கிரேனுக்குப் பொறுக்கவில்லை. பள்ளத்தில் குதித்தாள், பெட்டியைத் தோளில் வாங்கினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர்கள் தட்டிக்கொண்டிருக்கும்போதே அலறல் கேட்டது. பலகையின் மறுமுனை டிரம்மிலிருந்து நழுவி, அதன்மேல் நின்ற பக்கத்துக் கட்டில்காரி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். குள்ளமான பெண், அகாடமியில் அவள் பெயர் பட்டாணி.

பயிற்சி அதிகாரிக்கு 'விசில்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் விசில்கூட ஊதாமல் வந்து நின்றார்.

"நல்ல சிப்பாய். அதிகாரி இல்ல. பலகை நழுவுனத யார் பாத்தா?"

"பாக்கல சார். பெட்டிக்கு அடியில இருந்தேன்."

"அதான் கேக்குறேன். நீயும் அடியில போயிட்டா மேல யாரு?"

அவளை ஒரு பருவம் கீழே இறக்கினார்கள். மறுபடி தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கட்டுப் போட்ட கையோடு பயிற்சியைத் தவறவிட்ட பட்டாணியையும் அதே பருவத்துக்கு இறக்கினார்கள். அதே அறை, அதே பக்கத்துக் கட்டில். முதல் நாள் பட்டாணி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இந்தத் தடவையாவது என்னைப் பாருடி."

சுமக்கிறவர்களின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று அவள் பல நாள் யோசித்தாள். மூட்டைக்கு அடியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போன அப்பாவின் குதிகால்கள் மட்டும்தான். அந்த மேற்பார்வையாளன் நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. வழுக்கும் படி, கிழிந்த சாக்கு, அப்பாவின் நடுங்கும் கால். ஆனால் அவன் எதையும் பார்க்கவில்லை. கையைக் கட்டி நிற்பது அவன் செய்த குற்றமாக இப்போது அவளுக்குத் தோன்றவில்லை; பார்க்காமல் நின்றதுதான் குற்றம். அப்படித் தோன்றிய மறுநாளே பூட்ஸ் கயிற்றைப் பட்டாணியிடம் நீட்டினாள். "கட்டு. இறுக்கிக் கட்டு."

அன்றிலிருந்து தினமும் பெஞ்சு, டிரம், மணல் மூட்டை என்று எதை யார் தூக்கினாலும் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். போனில் அம்மா சிரித்தாள். "கைய சும்மா வெச்சிருக்கப் பழகவா அம்புட்டு தூரம் போன? வீட்லயே பழகியிருக்கலாமே பாப்பா!"

"சும்மா வெச்சிருக்கிறதுதாம்மா கஷ்டமா இருக்கு. ராத்திரி தோள் வலிக்குது."

தேர்வு நாளில் கயிறு கட்ட அனுமதி இல்லை. அவளே தன் இடது மணிக்கட்டை வலக்கையால் பின்னால் பிடித்துக்கொண்டாள். பட்டாணியை நடு டிரம்மில் நிறுத்தினாள். பெட்டி பாதி வந்தது. அதே இடம். ஆடியது. கிரேனின் வலது பூட்ஸ் ஓரடி முன்னால் போனதை எல்லாரும் பார்த்தார்கள்.

"நில்லு! யாரும் அசையாதீங்க." அவள் கண் பெட்டியை விட்டுப் பலகைக்குப் போனது. "பட்டாணி, உன் பலகை நகருது. குதிகால ஊனு. பின்னாடி இருக்கிறவங்க கயித்த இழுங்க, மெதுவா. பெட்டி சாயட்டும், பரவால்ல. முதல்ல ஆளு. பட்டாணி, என்னைப் பாரு. இப்ப காலை மாத்து."

பட்டாணி காலை மாற்றினாள். பலகை உட்கார்ந்தது. பெட்டி அடுத்த கரையில் இறங்கிய சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. யாரும் விழவில்லை.

விசில் ஊதினார். "தேறிட்ட. கைய எடு."

அவள் எடுக்கப் பார்த்தாள். விரல்கள் பிரிய மறுத்தன. சேற்றோடு கரையேறி வந்த பட்டாணி அவள் முதுகுக்குப் பின்னால் போய், ஒடிந்து கூடிய தன் கையால், அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.